ஒரு எழுத்துக்காக மலை இறங்காமல் இருக்க: நெட்வொர்க் கருவிகளின் மாடல் எண்ணில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ரவுட்டர் போய்விட்டால் பக்கத்துக் கடையில் பெரும்பாலும் இரண்டு மூன்று மாடல்தான் இருக்கும். மற்றதெல்லாம் ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வரை போக வேண்டும். வாங்கி வந்தது ஒத்துவரவில்லையா, மாற்றுவதற்கு மறுபடியும் அதே கொண்டை ஊசி வளைவுகள். பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருந்தால் அதுவும் கிடையாது. இப்படி அலைய வைக்கும் தவறுகளில் பாதி, எண்ணில் நடப்பதில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தில்தான் நடக்கின்றன.

எளிதானதை முதலில் பார்த்துவிடலாம். டிபி-லிங்க்கில் எஸ்எஃப்1008, எஸ்ஜி1008 என்று இரண்டு உண்டு. இரண்டுமே எட்டு போர்ட் ஸ்விட்ச், அதாவது பல கருவிகளைக் கேபிளில் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. எஃப் இருந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ், ஜி இருந்தால் கிகாபிட், அதாவது பத்து மடங்கு. டி-லிங்க்கில் இதையே டிஇஎஸ், டிஜிஎஸ் என்றும், நெட்கியரில் எஃப்எஸ், ஜிஎஸ் என்றும் போடுவார்கள். "1008 கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் விலை குறைந்ததைத்தான் எடுத்து வைப்பார். அவர்மேல் தப்பில்லை.

அடுத்தது பி. அதாவது பிஓஇ: கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் தரும் வசதி. கரடியும் காட்டெருமையும் வாசல் வரை வருகிற ஊரில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் எல்லாரும் இப்போது கேமரா மாட்டுகிறார்கள். எட்டு கேமராவுக்கு எஸ்ஜி1008பி வாங்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் அதில் எட்டு போர்ட்டில் நாலுதான் கரண்ட் தரும். எட்டும் தர வேண்டுமென்றால் வால் எம்பி என்று இருக்க வேண்டும். அப்போதும் மொத்தம் எத்தனை வாட் தாங்கும் என்பதை டேட்டாஷீட்டில் பாருங்கள். ராத்திரி எல்லாக் கேமராவிலும் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போதுதான் கணக்கு இடிக்கும். எண் இதையெல்லாம் சொல்லாது.

போர்ட் எண்ணிக்கையிலும் கம்பெனிக்கு கம்பெனி வழக்கம் வேறு. டி-லிங்க் டிஜிஎஸ்-1210-28 இல் வரும் 28, நாலு ஃபைபர் போர்ட்டையும் சேர்த்த எண்ணிக்கை. சிஸ்கோ 2960-24டிடி-யில் 24 என்பது சாதாரண போர்ட் மட்டும், அப்லிங்க் (ரவுட்டருக்கோ அடுத்த ஸ்விட்சுக்கோ போகும் போர்ட்) இரண்டு தனி. ஒரு கம்பெனியில் கற்றதை அடுத்த கம்பெனிக்குக் கொண்டுபோவதுதான் ஓரளவு விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. டெல்லிக்குப் போடும் டி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். டிபி-லிங்க் ஸ்விட்சில் கடைசியில் வந்தால் மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டி. சிஸ்கோ 2960எக்ஸ்-48எஃப்பிடி-யில் 10 கிகாபிட் அப்லிங்க். அதே சிஸ்கோவின் ஏபி1832ஐ-டி-கே9 என்ற வைஃபை கருவியில் இந்திய அலைவரிசை விதிகளுக்கான மாடல். மைக்ரோடிக்கின் 951யுஐ-2எச்என்டி-யில் இரட்டை ஆன்டெனா. எழுத்து ஒன்று, பொருள் நாலு. அதனால் மாடல் எண்ணைப் போனில் சொல்வதே வேண்டாம். பி, டி, ஜி எல்லாம் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒரே மாதிரிதான் கேட்கும். லேபிளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

எஸ்டேட்டுகளில் அடிக்கடி வரும் சிக்கல் மீடியா கன்வெர்ட்டர், அதாவது செம்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி. ஃபேக்டரிக்கும் பங்களாவுக்கும் நடுவே தேயிலைச் சரிவு. செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஆகாது, நீளமாக இழுத்தால் இடியும் அதில் ஏறி வரும். அதனால் ஃபைபர் போட்டு இரண்டு முனையிலும் ஒரு கன்வெர்ட்டர் வைப்பார்கள். டிபி-லிங்க்கில் எம்சி111சிஎஸ், எம்சி112சிஎஸ் என்று இரண்டு. பார்த்தால் 112 புது மாடல் போலவும் 111 பழையது போலவும் தெரியும். "புதுசே ரெண்டு வாங்கிடலாம்" என்று ஒரே எண்ணில் இரண்டு வாங்கி வருவார்கள். மாட்டினால் பவர் விளக்கு எரியும், ஃபைபர் விளக்கு எரியாது. இவை பழசும் புதுசும் அல்ல, ஜோடி. ஒரே இழையில் போக ஒரு நிற ஒளி, வர ஒரு நிற ஒளி: ஒன்று 1550 நானோமீட்டரில் அனுப்பி 1310-இல் வாங்கும், மற்றது நேர் எதிர். இரண்டு 112 வைத்தால் இரண்டும் 1310-இல் பேசும், 1550-இல் காது வைத்திருக்கும். ஒரு முனையில் எரிந்துபோய் மாற்றும்போதும் இதே கதைதான். எரிந்த பெட்டியின் எண்ணையே வாங்குங்கள், எதிர்முனையில் இருப்பதன் எண்ணை அல்ல. ஸ்விட்சில் செருகும் ஒற்றை இழை ஃபைபர் முனைகளான எஸ்எஃப்பி மாட்யூல்களிலும் கடைசியில் ஏ, பி என்றோ யு, டி என்றோ வருவது இதற்காகத்தான்.

இடி மின்னலில் முதலில் போவது பெரும்பாலும் அடாப்டர். லேபிளில் அதற்கென்று தனி மாடல் எண் இருக்கும், அதை ரவுட்டரின் எண் என்று நினைத்து எழுதிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. ஆனால் அடாப்டர் எண் படிக்கவே சுலபம். டிபி-லிங்க்கில் டி120100 (இந்த டி டைகருக்குப் போடுவது) என்றால் 12.0 வோல்ட், 1.00 ஆம்பியர். டி090060 என்றால் 9 வோல்ட், 0.6 ஆம்பியர். முனை இரண்டிலும் பல சமயம் ஒரே அளவு, தாராளமாக நுழையும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் போட்டால் ரவுட்டரும் போகலாம். 12 கேட்பதற்கு 9 கொடுத்தால் விளக்கு எரியும், அப்புறம் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது.

வைஃபை ரவுட்டரில் ஏசி1200 என்று போட்டிருந்தால் 1200 எம்பிபிஎஸ் வரும் என்று அர்த்தமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளிய எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். இன்னொரு கொக்கி: ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டுமே ஏசி1200. ஆனால் சி50-இன் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ், சி6-இல் கிகாபிட். 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்துவிட்டு சி50 வைத்தால் 95-ஐத் தாண்டாது. காசு கொடுப்பது 300-க்கு.

மாடல் சரியாக இருந்தும் கெடுவது ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருள் போடும்போது. லேபிளில் மாடலுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "வெர்" என்று ஒரு எண் இருக்கும். ஆர்ச்சர் சி6 வெர் 2, வெர் 3 இரண்டிலும் உள்ளே இருக்கும் சிப் வேறு கம்பெனியுடையது. ஒன்றின் ஃபைலை மற்றதில் ஏற்றப் பார்க்காதீர்கள். ஒரே பெயரில் உள்ளே இருப்பதை மாற்றும் இந்தப் பழக்கம் புதிதல்ல. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர், 2005-இல் வெர் 5 ஆனபோது உள்ளே ஓடிய லினக்ஸ் இயங்குதளத்தையே எடுத்துவிட்டு, மெமரியையும் பாதியாகக் குறைத்தார்கள். பெட்டி பார்க்க அப்படியேதான் இருந்தது. லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்கு ஜிஎல் என்று இன்னொரு எழுத்து சேர்த்து விற்றார்கள்.

கடைசியாக, வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பெட்டி. நெட்கியரில் எண்ணின் கடைசியில் ஐஎன்எஸ் என்றால் இந்தியாவுக்கு, என்ஏஎஸ் என்றால் வட அமெரிக்காவுக்கு. மைக்ரோடிக்கில் யுஎஸ் என்று முடிந்தால் அமெரிக்க அலைவரிசைக்கே பூட்டி வைத்திருப்பார்கள். வேலை செய்யாது என்றில்லை, செய்யும். பிளக் பின்னும் வைஃபை சேனலும்தான் தகராறு செய்யும், வாரண்டியும் பெரும்பாலும் இங்கே எடுபடாது. சும்மா கிடைத்தால் வாங்கி வையுங்கள். காசு கொடுத்து வரவழைக்க வேண்டாம்.