கையசைவில் இயங்கும் கலைப்படைப்பு செய்கிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

கையை அசைத்தால் திரையில் காட்சியும் ஸ்பீக்கரில் ஒலியும் மாறுகிற படைப்புகளில் அதிகம் பார்க்கும் தவறு, ஏழெட்டு சைகைகளைத் திணிப்பது. செய்தவருக்கு எல்லாம் மனப்பாடம். பார்க்க வருகிறவரோ சுவரில் ஒட்டிய குறிப்பைப் படிக்க மாட்டார், சும்மா கையை ஆட்டிப் பார்ப்பார், சில நொடிகளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நகர்ந்துவிடுவார். கையை உயர்த்துவது, பக்கவாட்டில் நகர்த்துவது, விரல்களை மூடித் திறப்பது, இவ்வளவே தாராளம். அதிலும் கையைத் தோளுக்கு மேல் தூக்கியே வைத்திருக்கச் சொல்லாதீர்கள், வலிக்கும்.

அடுத்தது வெளிச்சம். கினெக்ட் போன்ற, எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் என்று அளக்கும் ஆழக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை நம்பி இயங்குபவை என்பதால், ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலோ ஹாலஜன் விளக்கு நேராக அடித்தாலோ குழம்பிப்போகும். ராத்திரி சோதித்துவிட்டுப் பகலில் திறந்தால் கதை கந்தல்தான். சரி, சாதாரண வெப்கேமில் கையின் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் மென்பொருள் போதுமே என்றால், புரொஜெக்டருக்காக அறையை இருட்டாக்கியதும் அது தடுமாறும். எனவே எந்த அறை, எந்த நேரம் என்று தெரிந்த பிறகே சென்சாரைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்சார் தரும் எண்களில் எப்போதும் சின்ன நடுக்கம் இருக்கும். அதை அப்படியே வால்யூமுக்கோ சுருதிக்கோ கொடுத்தால் கரகரக்கும். நடுக்கத்தை ரொம்பவும் மழுங்கடித்தாலோ கை ஒரு பக்கம் போக ஒலி பின்னால் இழுபடும். கை மெதுவாக நகரும்போது நடுக்கத்தை அதிகமாகவும் வேகமாக நகரும்போது குறைவாகவும் மட்டுப்படுத்துகிற ஒன் யூரோ ஃபில்டரை முயன்று பாருங்கள், அதன் நிரல் மிகச் சிறியது. தட்டினால் தாளம் வருகிற வகைக்குத் தாமதம் ஆகவே ஆகாது, மெல்ல விரியும் ஒலிக்குப் பரவாயில்லை. கையை மூடுவதற்கும் திறப்பதற்கும் ஒரே எல்லை மதிப்பை வைத்தால் பாதி மூடிய கையில் ஒலி விட்டுவிட்டு அடிக்கும், இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு வைத்து நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

அப்புறம், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் யார் கை என்று முன்பே முடிவு செய்யுங்கள். குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சென்சார் உயரம் சரியாக இருக்கிறதா? கை பார்வையிலிருந்து விலகியதும் ஒலி வெட்டென்று நிற்காமல் ஓரிரு நொடியில் அடங்கட்டும். கணினியின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, மின்சாரம் வந்ததும் எல்லாம் தானே தொடங்கும்படி வையுங்கள், காலையில் கதவைத் திறப்பவருக்கு உங்கள் மென்பொருள் தெரிந்திருக்காது.