கூத்த லைவ் போடுற தம்பிமாரே, இந்தப் பிழையள விடாதீங்க

இப்ப மட்டக்களப்புல எந்த ஊர்ல கூத்து அரங்கேற்றம் எண்டாலும் கூத்து ஆடுற வட்டமான களரியச் சுத்தி நாலஞ்சு போன் லைவ்ல நிக்குது, நல்ல விசயம்தான், ஆனா நாங்க தொடங்கின காலத்துல விட்ட அதே பிழையள இவங்களும் விடுறதப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாம இருக்கு. சார்ஜ் பாருங்க, போனக் குறுக்கால பிடிங்க எண்டெல்லாம் சொல்லல்ல, அது உங்களுக்கே தெரியும்.

மிக்சர் லைன மட்டும் நம்புறது

எனக்கு இன்னமும் ஆத்திரம் வாற பிழை இதுதான். சவுண்ட்காரர்ட மிக்சர்ல இருந்து ஒரு வயர எடுத்து லைவுக்குக் குடுத்தா சத்தம் கிளியரா வரும் எண்டு நினைக்கிறாங்க. அவர் செட் பண்ணினது களரியச் சுத்தி இருக்கிற சனத்துக்கு. மத்தளம், சல்லரி, சதங்கை எல்லாம் சனத்துக்கு நேராவே கேட்கும், அதால அவர் பாட்டு மைக்கத்தான் கூட்டி வைப்பார், மத்தளத்துக்கு மைக்கே இருக்காது. லைவுக்குப் போறது வெறும் பாட்டுத்தான். வடமோடி வகைக் கூத்துல ராசா கரப்பு மாதிரி விரிஞ்ச கரப்புடுப்போட வரவு ஆடி, அதாவது களரிக்குள்ள முதல் நுழையிற ஆட்டம் ஆடி வாறார், மத்தளம் கேட்காட்டி அந்தக் கால் எதுக்கு விழுது எண்டு பார்க்கிறவனுக்கு எப்படி விளங்கும்?

வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கம் ஒரு கூத்துக்கு இப்படித்தான் லைவ் போட்டாங்க. விடிஞ்சதும் கனடாவுல இருக்கிற ஊர்க்காரர் ஒருத்தர், மத்தளம் அடிச்சுக் கூத்த நடத்துற அண்ணாவியாருக்குக் கோல் எடுத்து, "என்ன அண்ணாவியார், மத்தளம் அடிக்க ஆள் கிடைக்கல்லயா?" எண்டு கேட்டார். விடிய விடிய நிண்டு அடிச்ச மனுசன், விரல்ல சுத்தின பிளாஸ்டர் கூட இன்னும் கழட்டல்ல. அடுத்த கூத்துக்கு உடுப்புச் செலவ நாங்க பார்க்கிறம் எண்டு சொன்ன ஆக்கள் மறுகா அந்தக் கதையே எடுக்கல்ல.

செய்யவேண்டியது லேசு. களரிக்கு நடுவுல அண்ணாவியார் நிக்கிற இடத்துக்கு மேல, பந்தல்ல இருந்து ஒரு மைக்கத் தொங்க விடுங்க, ஸ்பீக்கர் பொக்ஸுக்குக் கிட்டப் போகாதீங்க, எதிரொலி வரும். அந்த மைக்கையும் மிக்சர் லைனையும் சேர்த்து அனுப்புங்க. முதல் வரவுக்கே ஒருத்தர் ஹெட்போன் போட்டு லைவக் கேட்டுப் பார்க்கணும், பின்பாட்டும் மத்தளமும் சரிக்குச் சரி வருதா எண்டு.

ஒத்திகைக்குப் போகாம கமராவத் தூக்கிக்கொண்டு வாறது

லண்டன் நேஷனல் தியேட்டர் 2009ல இருந்து மேடை நாடகத்த சினிமா தியேட்டர்களுக்கு லைவா அனுப்புது, அவங்க கமராவுக்கு எண்டே தனி ஒத்திகை பார்க்கிறாங்க. நீங்க அரங்கேற்றத்துக்கு முந்தி, ஆடுறவங்க முதல்முதல் சதங்கை கட்டி ஆடுற சதங்கை அணி விழாவுக்காவது ஒருக்கா போங்க.

முன்னுக்கு ஒரே கமரா

வட்டக்களரிக்கு முன்பக்கம் எண்டு ஒண்டு இல்ல. ரெண்டாவது வைங்க.

இடையில சினிமாப் பாட்டு

காப்புரிமை எண்டு பேஸ்புக் ம்யூட் பண்ணிரும்.

கேட்காம போடுறது

லண்டன்ல டிக்கட் வித்து அந்தக் காசு நாடகத்துக்கு வருது. நம்மட கூத்து சும்மா பார்க்கிறது, சொந்தக்காரர் களரியில வந்து குடுக்கிற அன்பளிப்புத்தான் ஆடுறவனுக்கு வருமானம், லைவுல பார்க்கிறவர் அதக் குடுக்க வழி இல்ல. வியூஸ் உங்கட பேஜுக்குப் போகுது, ஆடினவனுக்கு ஒண்டும் இல்ல, இப்படியே போனா அடுத்த வருசம் உடுப்புக் கட்ட ஆர் வருவாங்க? அண்ணாவியாரிட்ட முதல்லயே கதைச்சு, கூத்துக் குழுட பேங்க் கணக்க ஸ்கிரீன்ல போடுங்க, வீடியோ எவ்வளவு நாளைக்கு பேஜ்ல கிடக்கலாம் எண்டத அவரே சொல்லட்டும்.