ஒரு மானிட்டர், மூன்று கம்ப்யூட்டர்: வீட்டு ஆபீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் வேலை செய்யும் மேசை ஒன்றுதான். அதன்மேல் 27 அங்குல மானிட்டர் ஒன்று. வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு என் ஆபீஸ் லேப்டாப் அதைப் பிடித்துக்கொள்ளும். இரவில் என் சொந்த டெஸ்க்டாப். சனி, ஞாயிறு வந்தால் கல்லூரியில் படிக்கும் மகள் தன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துவிடுவாள். இந்த மூன்றையும் ஒரே திரையில் ஓட்டப் பழகுவதற்குள் தேவையில்லாத பெட்டி இரண்டும் பொருந்தாத கேபிள் மூன்றும் வாங்கிவிட்டேன். பிறகு நண்பர்கள் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் இதே வேலையைச் செய்துகொடுக்கப் போனபோது, எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சிக்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம்.

மானிட்டரின் பின்பக்கத்தைப் பார்க்காமல் கடைக்குப் போவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். "ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், என்ன வாங்கணும்?" என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் பதிலாக, கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவில் மாட்டும் ஒரு பெட்டி வரும். ஆனால் பலருக்குப் பெட்டியே தேவையில்லை. மானிட்டரைத் திருப்பிப் பாருங்கள். இப்போது விற்கும் 24, 27 அங்குல மானிட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இன்புட் (வீடியோ கேபிள் மாட்டும் துளை) இருப்பது சாதாரணம். எச்டிஎம்ஐ ஒன்றோ இரண்டோ, டிஸ்ப்ளே போர்ட் ஒன்று, விலை கொஞ்சம் கூடினால் யுஎஸ்பி-சி ஒன்று. ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தனித்தனி இன்புட்டில் மாட்டிவிட்டு, மானிட்டரின் பட்டனை அழுத்தி மாற்றிக்கொண்டால் போதும். பல மானிட்டர்களில் இன்புட் மாற்றுவதற்கென்றே ஒரு பட்டனை ஒதுக்கிக்கொள்ளலாம்; மெனுவில் ஒருமுறை அமைத்தால் தினமும் இரண்டு அழுத்தில் வேலை முடியும்.

அந்தப் பட்டனைத் தேடவும் சோம்பலாக இருந்தால், கம்ப்யூட்டரிலிருந்தே மானிட்டருக்கு உத்தரவு போட ஒரு வழி உண்டு. டிடிசி/சிஐ என்று பெயர். வெளிச்சம், ஒலி, இன்புட் எல்லாவற்றையும் வீடியோ கேபிள் வழியாகவே மாற்றச் சொல்லும் ஏற்பாடு. விண்டோஸில் கண்ட்ரோல் மை மானிட்டர், லினக்ஸில் டிடிசியூட்டில் ஆகிய இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. கீபோர்டில் ஒரு குறுக்கு விசையோடு இணைத்துவிட்டால் பெட்டி வாங்கியதற்குச் சமம். இரண்டைக் கவனிக்க வேண்டும். மானிட்டர் மெனுவில் டிடிசி/சிஐ அணைந்திருந்தால் எதுவும் நடக்காது. சில மானிட்டர்கள் அப்போது திரையில் இருக்கும் கம்ப்யூட்டரின் பேச்சை மட்டுமே கேட்கும். மாறிப்போன திரையை முந்தைய கம்ப்யூட்டரிலிருந்து திரும்ப அழைக்க முடியாது. அப்படிப்பட்ட மானிட்டருக்குப் பட்டனே நல்லது.

பெட்டிதான் வேண்டும் என்றால், ஸ்ப்ளிட்டரையும் ஸ்விட்சையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்ப்ளிட்டர் ஒரு கம்ப்யூட்டரின் படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்து அனுப்பும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆன்லைன் கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் வரும். நான் முதலில் வாங்கியது ஸ்ப்ளிட்டர். பெட்டியின் படத்தில் இன்புட் இரண்டு, அவுட்புட் ஒன்று என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கீபோர்டை மறந்துவிடுவது

திரை மாறினால் போதும் என்று நினைத்துப் பெரும்பாலோர் படத்துக்கு மட்டும் வழி செய்கிறார்கள். முதல் நாள் வேலையிலேயே மேசையில் இரண்டு கீபோர்டு, இரண்டு மவுஸ், எது எதனுடையது என்ற தடுமாற்றம். கேவிஎம் ஸ்விட்ச் பிறந்ததே இதற்காகத்தான்: கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் சேர்த்து மாற்றும். ஆனால் வீடியோவை மானிட்டரே மாற்றிக்கொள்ளும் என்றால், விலை குறைந்த யுஎஸ்பி ஸ்விட்ச் ஒன்று கீபோர்டு, மவுஸுக்குப் போதும். சில மானிட்டர்களில் கேவிஎம் உள்ளேயே இருக்கும். பின்னால் சதுரமான யுஎஸ்பி-பி துளையும் யுஎஸ்பி-சி துளையும் சேர்ந்து இருந்தால் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், இருக்க வாய்ப்புண்டு. அந்த யுஎஸ்பி-பி கேபிளை எதற்கென்று தெரியாமல் அட்டைப்பெட்டியிலேயே விட்டு வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, மூன்று கம்ப்யூட்டர் வரை நினைவில் வைத்துக்கொள்ளும் புளூடூத் கீபோர்டும் மவுஸும். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. திரை மாறுவது தனி, கீபோர்டு மாறுவது தனி. ஒருநாள் திரையை என் டெஸ்க்டாப்புக்கு மாற்றிவிட்டு, கீபோர்டை மாற்ற மறந்து, வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை அடித்து என்டரும் தட்டினேன். அது ஆபீஸ் லேப்டாப்பில் திறந்திருந்த குழு சாட்டில் போய் விழுந்தது. உடனே அழித்துவிட்டு பாஸ்வேர்டையும் மாற்றினேன். அன்று முழுவதும் மனம் ஒரு நிலையில் இல்லை. அதிலிருந்து மேசையை விட்டு எழும்போதெல்லாம் ஆபீஸ் லேப்டாப்பை லாக் செய்துவிடுகிறேன். பாஸ்வேர்டு அடிக்கும் முன் ஓர் எழுத்தைத் தட்டி, திரையில் புள்ளி விழுகிறதா என்று பார்க்கிறேன்.

புளூடூத்தின் இன்னொரு குறை, இயங்குதளம் எழுவதற்கு முன் அது பெரும்பாலும் வேலை செய்யாது. டெஸ்க்டாப்பின் பயாஸுக்குள் (இயங்குதளத்துக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போகவோ, ஹார்டு டிஸ்க் பூட்டைத் திறக்க எண் அடிக்கவோ கேபிள் வைத்த கீபோர்டு ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

கேவிஎம் வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. கீபோர்டு என்று குறித்திருக்கும் துளையில் வயர்லெஸ் கீபோர்டின் டாங்கிளை (சின்ன யுஎஸ்பி ரிசீவர்) மாட்டினால் சில பெட்டிகளில் கம்ப்யூட்டரை மாற்றும் குறுக்கு விசை வேலை செய்யாது, சில சமயம் கீபோர்டே தடுமாறும். பக்கத்தில் உள்ள பொது யுஎஸ்பி துளையில் மாட்டிப் பாருங்கள். அதே துளையில் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கை மட்டும் மாட்டாதீர்கள். ஸ்விட்சை அழுத்தினால் அந்த டிஸ்க்கை வெடுக்கென்று பிடுங்கியதற்குச் சமம். ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருந்தால் கெட்டுப்போகும். வெப்கேமையும் நேராக ஆபீஸ் லேப்டாப்பிலேயே செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் மீட்டிங் நடுவில் வேறு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்ததும் உங்கள் முகம் மறைந்துவிடும்.

படம் வருகிறது, ஆனால் மவுஸ் இழுக்கிறது

4கே மானிட்டர் வாங்கியவர்கள் ஸ்விட்ச் போட்ட பிறகு "என்னவோ மந்தமா இருக்கு" என்பார்கள். கம்ப்யூட்டரைக் குறை சொல்லி ரேம் கூட்டியவரும் உண்டு. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 30 முறைதான் வரையப்படுகிறது என்று இருக்கும்.

கணக்கு எளிது. 4கே திரையில் அகலம் 3840, உயரம் 2160 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமானால் படத்துக்கு மட்டும் சுமார் 11.9 ஜிகாபிட் ஆகிறது. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்த வேகமே 10.2 ஜிகாபிட், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டுக்கே போய்விடும். ஆகவே 30-க்கு இறங்கி ஓட்டுகிறது. 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 இதை 18 ஜிகாபிட்டுக்கு உயர்த்தியது, 4கே 60-க்கு அது போதும். லேப்டாப், கேபிள், பெட்டி, மறு கேபிள், மானிட்டர் என்ற வரிசையில் எது ஒன்று பழையதோ, மொத்தமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். உறையில் "4கே சப்போர்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

உங்கள் மானிட்டர் 1080 அல்லது 1440 வகை (உயரத்தில் அத்தனை புள்ளிகள்), 60 ஹெர்ட்ஸ் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். பழைய ஸ்விட்சும் தாங்கும், கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கேபிள் வாங்கும்போது தங்க முலாம், துணி உறை எதுவும் கணக்கில் இல்லை. 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்த கேபிளுக்கு பிரீமியம் ஹை ஸ்பீடு என்றும், 48 ஜிகாபிட்டுக்குச் சோதித்ததற்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு என்றும் பெயர். ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் அட்டையில் ஒட்டியிருக்கும். நீளமும் முக்கியம். சிக்னலைப் புதுப்பித்து அனுப்பாத சாதாரணப் பெட்டியாக இருந்தால், அதன் இருபுறமும் உள்ள கேபிள்களின் நீளத்தைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். அங்கே மூன்று மீட்டர், இங்கே மூன்று மீட்டர் போட்டுவிட்டு, திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது என்று மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு அலையக் கூடாது.

எச்டிஎம்ஐயில் நிறம் வெளுத்துத் தெரிந்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டர் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கிராஃபிக்ஸ் செட்டிங்கில் நிற வீச்சு 'லிமிடெட்' என்றிருப்பதை 'ஃபுல்' ஆக்குங்கள், சரியாகும்.

துளை பொருந்தினால் போதும் என்று நம்புவது

யுஎஸ்பி-சி துளை எல்லாம் பார்க்க ஒன்றுதான், செய்யும் வேலை வேறு வேறு. சில லேப்டாப்பில் அது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்; படம் வராது. துளைக்கு அருகில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ தண்டர்போல்ட் என்னும் அதிவேக இணைப்பின் மின்னல் சின்னமோ இருந்தால் வரும். சின்னம் இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கேபிள் வாங்க வேண்டும். கேபிளிலும் இதே கதை: போனோடு வரும் சி-டு-சி சார்ஜிங் கேபிள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். சார்ஜ் ஏறும், திரை கறுப்பாகவே இருக்கும்.

அடுத்தது திசை. டிஸ்ப்ளே போர்ட் ஒரு முனையிலும் எச்டிஎம்ஐ மறு முனையிலும் உள்ள சாதாரண கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. மானிட்டரில் மிச்சம் இருப்பது டிஸ்ப்ளே போர்ட் மட்டும், லேப்டாப்பில் இருப்பது எச்டிஎம்ஐ மட்டும் என்னும்போது இதைத் திருப்பி மாட்டிப் பயனில்லை; அதற்குத் தனியாக, மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கன்வெர்ட்டர் வேண்டும். அதைவிட, டிஸ்ப்ளே போர்ட் உள்ள டெஸ்க்டாப்பை அந்த இன்புட்டுக்கு மாற்றி, எச்டிஎம்ஐயை லேப்டாப்புக்கு விட்டுக்கொடுத்தால் செலவே இல்லை. மகளுடைய லேப்டாப்புக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது.

மாற்றும்போதெல்லாம் ஜன்னல்கள் கலைவது

ஒவ்வொரு மானிட்டரும் தன் பெயர், அளவு, வேகம் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கு ஈடிஐடி என்று பெயர். மலிவான பெட்டியில் ஸ்விட்சை அழுத்தியதும் அந்தப் பேச்சு அறுந்துவிடும். மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்து, லேப்டாப் திறந்திருந்த எல்லாவற்றையும் தன் சின்னத் திரையில் குவித்துவிடும். திரும்பி வந்தால் எக்செல் ஒரு மூலையில், பிரவுசர் வேறொரு மூலையில். ஈடிஐடி எமுலேஷன் (அந்தக் குறிப்பை மானிட்டருக்குப் பதில் தானே சொல்லும் வசதி) உள்ள கேவிஎம், மானிட்டர் இன்னும் இருப்பதாகவே கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கும். விலை கூடத்தான், ஆனால் ஒரு நாளில் பத்து தடவை மாற்றுகிறவர் இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மாற்றுபவருக்கு, விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது; அதை இயக்கினால் போதும்.

மானிட்டரின் ஆட்டோ இன்புட்டையும் அணைத்து வையுங்கள். அணைக்காவிட்டால், தூங்கிக்கொண்டிருந்த டெஸ்க்டாப் அப்டேட்டுக்கு விழித்தவுடன் சில மானிட்டர்கள் நடு வேலையில் அந்தப் பக்கம் தாவிவிடும்.

ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் நிறுவிவிடுவது

ஒரே மவுஸை இரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் வழியாக ஓட்டும் மென்பொருள்கள் உள்ளன. மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸில் வரும் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் அப்படிப்பட்டது. சொந்தக் கம்ப்யூட்டர் இரண்டுக்கு அருமை. ஆனால் அது கிளிப்போர்டையும் பகிரும்: இங்கே காப்பி செய்தது அங்கே பேஸ்ட் ஆகும். ஆபீஸ் தகவல் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கசிய அது ஒரு வாசல். ஐடி துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் இதை ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவ வேண்டாம். சாதாரண ஸ்விட்சில் இந்தப் பிரச்சினை இல்லை. படமும் விசையும் மட்டும்தான் மாறுகின்றன.

எர்த் இல்லாத பிளக்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நம் வீடுகளுக்கு இது மிக முக்கியம். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் சுருசுருவென்று இருப்பதை உணர்ந்திருப்பீர்கள். மூன்று முள் உள்ள பிளக்கை எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டிலோ, இரண்டு முள் கன்வெர்ட்டரிலோ செருகினால், அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாக 230 வோல்ட்டில் பாதியளவு அழுத்தம் லேப்டாப்பின் உடம்பில் ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த லேப்டாப்பை, எர்த் சரியாக உள்ள மானிட்டரோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைக்கும் கணத்தில் அந்த அழுத்தம் கேபிள் வழியாகத்தான் இறங்கும். கேபிளின் வெளிக்கூட்டுக்கு முன்பே சிக்னல் முள் தொட்டுவிட்டால் துளைக்குப் பின்னாலிருக்கும் சிப் போய்விடக்கூடும். ஒரு மானிட்டரில் இரண்டு, மூன்று கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டும் வீட்டில் இந்தக் கணம் தினமும் வருகிறது.

ஆகவே மானிட்டர், அடாப்டர்கள், டெஸ்க்டாப் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுங்கள். பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் உண்மையிலேயே இருக்கிறதா எனச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருப்பதால் மட்டும் உள்ளே கம்பி இருப்பதாக ஆகிவிடாது. வந்துபோகும் லேப்டாப்பாக இருந்தால், முதலில் எச்டிஎம்ஐயை மாட்டி, பிறகு அடாப்டரைச் செருகுங்கள். கழற்றும்போது அடாப்டர் முதலில். எங்கள் மேசையில் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் யாருடையது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மகள் தன் கேபிளை மட்டும் தொடுவாள், மற்ற இரண்டும் அசைவதே இல்லை.