செடான் காரின் முன்சக்கரம் வழுக்கியது: நான் சரிசெய்த விதம்

சாதாரண குடும்பக் கார் கிளம்பும்போது டயரை வழுக்கிச் சுழற்றுமா என்று கேட்பவர்கள், மழைநாளில் ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் ஒரு டீசல் செடானை நிறுத்தி எடுத்துப் பார்க்கலாம். எங்கள் கார் கிளம்பும்போதெல்லாம் முன்சக்கரம் 'விர்ர்' என்று சுழலும். பின்சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், 200 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் முதல் கியரும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிவிடும். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்வதால், இழுக்க வேண்டிய முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வேறு திடுக்கென்று உதைக்கும்.

மெக்கானிக் கிளட்சைக் கழற்றலாம் என்றார். ஆனால் கிளட்ச் வழுக்கினால் எஞ்சின்தான் உறுமும், சக்கரம் சுழலாது. வேண்டாம் என்றேன். டயரின் பக்கவாட்டில் 2316 என்று இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. டயரின் மேல்பரப்புப் பட்டன் நன்றாகவே இருந்தது, மாற்ற வேண்டிய அளவைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் தேய்மான மேட்டைத் தொடவே இல்லை. ஆனால் ரப்பர் கருங்கல், நகம் இறங்கவில்லை. காற்றும் 40 பி.எஸ்.ஐ. இருந்தது; கார் கம்பெனியின் கதவோர ஸ்டிக்கரிலோ 33தான்.

சரி என்று நான்கையும் மாற்றினேன். இரண்டு மட்டும் வாங்கினால், மழையில் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழலாமலிருக்க அவற்றைப் பின்னால்தான் போடச் சொல்வார்கள். எனக்கோ பிடி முன்னால் வேண்டும். அப்புறம் காற்றை 33க்கு இறக்கினேன். இப்போது ஏற்றத்தில் நிதானமாகக் கிளம்புகிறது. ஓங்கி மிதித்தால் கொஞ்சம் சுழலத்தான் செய்யும்; சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தானே அடக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லாத வண்டி.