சாமந்தி மொக்கு வைக்கவில்லையா? உர மூட்டையைத் தொடாதீர்கள்

ஆயுத பூஜை நெருங்கும்போது எனக்கு வரும் செடி போட்டோக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தொட்டி கொள்ளாத பச்சை, கொழுகொழுவென்று இலை, ஒரு மொக்குகூட இல்லை. கீழே அதே கேள்வி: "என்ன உரம் போடலாம்?"

வெயில் படாத மூலையில் வைப்பது, தண்ணீர் ஊற்ற மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தப்பைச் செடியே இரண்டு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். மாதக்கணக்கில் வெளியே தெரியாத தப்புகள்தான் ஒரு பூப்பருவத்தையே சாப்பிட்டுவிடுகின்றன.

ராத்திரி முழுக்க எரியும் வாசல் விளக்கு

சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. இருட்டு போதுமான நேரம் விடாமல் இருந்தால்தான் நுனி இலை விடுவதை நிறுத்தி மொக்காக மாறும். நடுராத்திரியில் வெளிச்சம் பட்டால் கணக்கு கலைந்துவிடும். இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்து, இன்னும் மொக்கு வைக்கும் காலம் வரவில்லை என்று செடியை நிறுத்திவைக்கும். சாதாரண பல்பிலும் எல்இடியிலும் அந்தச் சிவப்பு இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை பக்கம் ராத்திரியில் போனவர்கள் சாமந்தித் தோட்டத்தில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்திருப்பார்கள். நம் ஊரில் ஜூன் மாதத்துப் பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது, அதனால் சில ரகங்களுக்கு அப்போதே இரவின் நீளம் போதும். சும்மா விட்டால் தண்டு வளரும் முன்பே சில ரகங்கள் மொக்குக்குப் போய்விடும். அதைத் தள்ளிப்போடத்தான் விவசாயிகள் லைட் போடுகிறார்கள். செடி உயரம் பிடித்ததும், பண்டிகையைக் கணக்குப் பண்ணி அணைப்பார்கள். அணைத்த பிறகு ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரத்தில் பூ வரும். அவர்கள் கரன்ட் செலவு பண்ணித் தெரிந்தே செய்வதைத்தான் நாம் வாசலில் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

பாலக்கோட்டில் தெரிந்த அக்கா ஒருவர் காம்பவுண்டு சுவர் ஓரமாக மஞ்சள் சாமந்தி வைத்திருந்தார். அந்த வருடம் திருட்டு பயத்தில் கேட் தூணில் புதிதாக எல்இடி மாட்டியிருந்தார்கள், விடிய விடிய எரியும். செடி பூக்கவில்லை என்றதும் உரக்கடையில் டிஏபி போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டார். அப்புறம் பஞ்சகவ்யம். அப்புறம் கடைக்காரர் கொடுத்த ஏதோ பூ டானிக். தழைச்சத்து ஏற ஏற இலைதான் பெருத்தது, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்து ஒட்டிக்கொண்டது. நான் போன அன்று பாதி வரிசையை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தார். "மலட்டுச் செடிங்க தம்பி, நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்."

தண்ணீர்த் தொட்டியின் நிழல் மறைத்த செடிகள் மட்டும் அதே வரிசையில் பூத்துக் குலுங்கின. அதே மண், அதே நாற்று. அதைக் காட்டினேன். அக்கா நம்பவில்லை. இன்றைக்கும் யாராவது "பூக்கலைன்னா டிஏபி போடுங்க" என்றால் எனக்குச் சுர்ரென்று ஏறும். விற்பவர் ஒரு தடவையாவது "பக்கத்தில் லைட் எரியுதா?" என்று கேட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஆகஸ்ட் மாதத்திலிருந்து ராத்திரியில் செடிப் பக்கம் போய் நில்லுங்கள். இலை மேல் வெளிச்சம் தெளிவாக விழுந்தால் அந்த இடம் ஆகாது. சொந்த விளக்கு என்றால் அணையுங்கள், இல்லை மூடி போட்டுத் திருப்புங்கள். தெருவிளக்கு என்றால் தொட்டியை வீட்டின் பின்பக்கம் நகர்த்துங்கள். தரையில் நட்டது என்றால், மொக்கில் நிறம் தெரியும்வரை தினமும் மாலை 6 மணிக்குக் கருப்புத் துணியால் மூடி காலை 7 மணிக்கு எடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வெந்துவிடும். ஒரு நாள் மூடி ஒரு நாள் மறப்பதும் வேலைக்கு ஆகாது.

ஆவணி தாண்டியும் நுனி கிள்ளுவது

ஜூன், ஜூலையில் நட்டு, நாலு வாரத்தில் நுனி கிள்ளினால் பக்கக்கிளை நிறைய வரும். அந்தப் பழக்கத்தில் செப்டம்பர் கடைசியிலும் கிள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது கையில் வருவது மொக்கு.

சாயங்காலம் தலைக்குத் தண்ணீர்

வேருக்கு ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும் இலையில் புள்ளி நோய் அடியிலிருந்து கருகிக்கொண்டே ஏறும். ஐப்பசி மழையில் செம்மண் இறுகித் தண்ணீர் தேங்கும் இடம் என்றால் பார் அணைத்து மேட்டில் நடுங்கள்.

பூ ஓய்ந்த செடியை அப்படியே விடுவது

சாமந்தி பல வருடச் செடிதான். ஆனால் பழைய தூர் வருடா வருடம் நடுவில் கட்டை தட்டிப் பூ சிறுத்துப்போகும். பொங்கலுக்குப் பிறகு தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டுங்கள். அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து, கோடை முடியும்வரை பாதி நிழலில் வைத்துக் காப்பாற்றுங்கள். நடுக்கட்டையைத் தூக்கிப் போடலாம். புள்ளி விழுந்த செடியிலிருந்து கன்று எடுத்தால் நோயும் கூடவே வரும்.

சீனா ஆஸ்டரை அடுத்த வருடத்துக்கு வைத்திருப்பது

வராது. சாமந்தி மாதிரிப் பூத்தாலும் இது வேறு செடி, ஓராண்டுச் செடி. விதை எடுத்துக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். மறுபடி அதே இடத்தில் விதைக்காதீர்கள், வாடல் நோய் மண்ணிலேயே கிடக்கும்.