சேலத்துப் பையனுக்கு சூப்பர் பவர் வந்தா: முதல் நாவல் எழுதுறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

டீனேஜ் சூப்பர்ஹீரோ நாவல் எழுத உக்கார்றவங்க நெறைய பேரு, பறக்க வைக்கலாமா மறைய வைக்கலாமானு பவர்லதான் ஆரம்பிக்கிறாங்க. நீங்க பையன்கிட்ட இருந்து ஆரம்பிங்க.

ஸ்டெப் 1: அவனுக்கு என்ன வேணும்?

உதாரணத்துக்கு பூபதினு வெச்சுக்குவோம். 16 வயசு, பிளஸ் ஒன், அப்பா சேலம் செவ்வாப்பேட்டைல சின்னதா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வெச்சிருக்காரு. பையனுக்குப் பட்டறை வேணாம், வெளியூர் போயி படிக்கணும், ஆனா அப்பா வாயால ஒரு தடவையாச்சும் "நல்ல வேலைக்காரன்டா"னு கேட்டுடணும். ரெண்டு ஆசையும் இடிச்சுக்குதுல்ல, நாவல் ஓடுறது அதுலதான்.

ஸ்டெப் 2: பவர் ஒண்ணு போதும்

அவன் கைல தெனம் பொழங்குற பொருள்ல இருந்தே எடுங்க. பூபதி தன் ஒடம்புச் சூட்டை உலோகத்துக்குள்ள அனுப்புவான், அவ்ளோதான்.

ஸ்டெப் 3: ரூலும் வெலையும்

இதுக்கு மட்டும் ஒரு நோட்டு தனியா போடுங்க, இங்க சோம்பேறித்தனம் பட்டா பின்னாடி கதை கைவிட்டுப் போயிடும். உலோகத்துலயே வெப்பத்தை வேகமா கடத்துறது வெள்ளி, அதனால பட்டறைல அவன் பலம் உச்சத்துல இருக்கும். எவர்சில்வர் ரொம்ப மெதுவா கடத்தும், நம்ம சேலம் உருக்காலைல செய்யுற ஸ்டெயின்லெஸ் தகடும் அப்படித்தான், அங்க அவன் திணறணும். மரத்துல ஒண்ணுமே நடக்காது. வெலை என்னன்னா, சூடு வெளிய போகப் போக ஒடம்பு வெறைச்சுப் போகும்.

இப்ப ஏற்காட்டை உள்ள கொண்டு வாங்க. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500, மேல ஏற ஏற குளுரும், அப்ப 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டுறதுக்குள்ள அவன் பலம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே வரும், கிளைமாக்ஸை மார்கழி மூடுபனில காப்பித் தோட்டத்துக்குள்ள வெச்சீங்கன்னா மலையே அவனுக்கு எதிரா நிக்கும்.

ஸ்டெப் 4: பவர் தெரிய வர்ற சீன்

மின்னல் அடிச்சு ஒரே ராத்திரில வர வைக்காதீங்க. அவனுக்கே தெரியாம முதல்ல நஷ்டமா வரட்டும். சுத்த வெள்ளி உருக 961 டிகிரிக்கு மேல வேணும், பத்தவைக்கிற பொடி, அதாவது கொலுசுத் துண்டுகளை ஒட்ட வைக்கிற பொடி, அதுக்கு முன்னாடியே எளகிடும். அதனால பூபதி தொட்ட கொலுசுல எல்லாம் பத்தவெச்ச எடம் மட்டும் விட்டுப் போகுது.

"என்னடா வேல பாக்கற, மூணு ஜோடி திரும்பி வந்திருக்குது!"

"நான் சரியாத்தான் பத்தவெச்சேன்பா."

அன்னிக்கு ராத்திரி அம்மா சோறு போடும்போது கையத் தொட்டுட்டு, "ஏன் கண்ணு இப்பிடி ஜில்லுனு இருக்குது?"னு கேக்குறாங்க. வாசகருக்குப் புரிஞ்சிடும், அவனுக்கு இன்னும் புரியாது. அடுத்த அத்தியாயத்துல யாரும் இல்லாதப்ப கைல வெள்ளிக் கம்பியைப் புடிச்சு அவனே சோதிச்சுப் பாக்கட்டும், பயமும் சந்தோஷமும் ஒண்ணா வரணும், அந்த எடத்தை அவசரப்படாம எழுதுங்க.

ஸ்டெப் 5: வில்லன்

உலகத்தை அழிக்கிறவன் வேணாம். அப்பாவோட கடனைக் காட்டி பையனோட கையை வெலைக்குக் கேக்குற ஒரு ஆள் போதும்.

ஸ்டெப் 6: படிக்கக் குடுங்க

மூணு அத்தியாயம் முடிஞ்சதும் பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பிள்ளைகிட்ட குடுங்க. நல்லாருக்கானு கேக்காதீங்க, எந்தப் பக்கத்துல கீழ வெச்சுட்டு போனை எடுத்தாங்கன்னு பாருங்க. அந்தப் பக்கத்துல இருந்து திருப்பி எழுதுங்க.