மே லீவுல பிள்ளைகளோட திருநெல்வேலிக்கு வாரீங்களா? அப்ப இத படிச்சிட்டு வாங்க

லீவுக்கு ஊருக்கு வார சொந்தக்காரங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது குத்தாலம்தான். கோடை மழை நல்லா பெஞ்சிருந்தா சரி, இல்லன்னா மே மாசம் குத்தாலத்துல வெறும் பாறையத்தான் பாத்துட்டு வரணும். தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சு சாரல் அடிக்கிற ஜூன், ஜூலைலதான் அங்க சீசன். ஸ்கூல் தொறந்த பெறகுதான் குத்தாலத்துக்கு தண்ணி வரும்னு பிள்ளைங்க சபிக்கிறதுல தப்பே இல்ல.

சரி, அப்ப வேற என்னதான் பண்றது? எங்க போனாலும் ஒரு விஷயம் மட்டும் பிடிவாதமா வச்சிக்கிடுங்க, ஒரு நாளைக்கு ஒரே எடம், காலைல ஆறு மணிக்கு கெளம்பி பத்து பத்தரைக்குள்ள முடிச்சிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துரணும். வந்ததே வந்தோம் அப்படியே நவதிருப்பதியும் ஒரு ரவுண்டு பாத்துருவோம்னு மாமாவோ பெரியப்பாவோ கண்டிப்பா சொல்லுவாங்க, ஒம்பது கோயிலையும் அக்னி நட்சத்திரத்துல அஞ்சு வயசுப் பிள்ளைய இழுத்துக்கிட்டு பாக்குறது சாமிக்கே பொறுக்காது, அவங்கள மட்டும் தனியா அனுப்பி வச்சிருங்க.

தண்ணிதான் வேணும்னா பாபநாசம் போங்க. அம்பாசமுத்திரம் வழியா பஸ்ஸே இருக்கு. அங்க இருக்குற அகஸ்தியர் அருவில வருஷம் பூரா தண்ணி விழும், அதனாலயே மே மாசம் கூட்டமும் இருக்கும், ஞாயித்துக்கெழமைய விட்டுட்டு வாரநாள்ல போங்க. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது, ஃபாரஸ்ட் செக்போஸ்ட்ல பைய தொறந்து பாப்பாங்க, பிளாஸ்டிக் கவர், சோப்பு, ஷாம்பு எதுவும் கொண்டு போகாதீங்க. புளிசாதத்த வாழை இலைல கட்டி எவர்சில்வர் தூக்குல வச்சி எடுத்துட்டுப் போங்க, மூடிய மட்டும் கெட்டியா மூடணும், கொரங்கு நம்மள விட வேகம். அருவிக்கு நேர் கீழ கைக்குழந்தைய கொண்டு போகவே வேண்டாம், தண்ணி அடிக்கிற அடில மூச்சு முட்டிரும், அழுக ஆரம்பிச்சா அப்புறம் பக்கெட் தண்ணிக்கே பயப்படும். பாபநாசம் கோயில் படித்துறைல உக்காந்து மீனுக்கு பொரி போடச் சொன்னா சின்னதுங்க எழுந்திரிக்கவே மாட்டாங்க, காசு பத்து இருபதுக்கு மேல ஆகாது.

ஆத்துல குளிக்க வைக்கிறதப் பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்லிருதேன். தாமிரபரணி பாக்க சாதுவா இருக்கும், ஆனா மணல் அள்ளின குழி எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது, மொழங்கால் தண்ணில நடந்துக்கிட்டே இருக்கும்போது அடுத்த அடில கழுத்து வந்துரும். அதனால உள்ளூர்க்காரங்க குளிக்கிற படித்துறைலதான் எறங்கணும், ஆள் இல்லாத எடம் அழகா இருக்கேன்னு எறங்காதீங்க. பெரியவங்க ஒருத்தர் எப்பவும் தண்ணி ஓடுற தெசைல, பிள்ளைகளுக்கு கீழ்ப்பக்கம் நிக்கணும், அப்பதான் வழுக்கினா கைக்கு வந்து சேரும், மேல்பக்கம் நின்னா பின்னால ஓடத்தான் முடியும். தண்ணி மட்டம் ஏறுற மாதிரி தெரிஞ்சாலோ கலங்க ஆரம்பிச்சாலோ கரைக்கு வந்துருங்க. பாபநாசத்துல பரிகாரம்னு சொல்லி விட்டுட்டுப் போற பழைய துணி தண்ணிக்குள்ள கெடந்து கால்ல சுத்தும், அதையும் பாத்துக்கணும், நம்ம பங்குக்கு நாமளும் ஒண்ண விட்டுட்டு வராம இருந்தா புண்ணியம்.

ரெண்டாவது என்னோட ஃபேவரிட், திருச்செந்தூர் பாசஞ்சர். கார் இருந்தாலும் அத வீட்டுல போட்டுட்டு ரயில்ல போங்க. அஞ்சு வயசுக்குள்ள டிக்கெட்டே கெடையாது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம்னு வரிசையா ஸ்டேஷன் வரும், எழுத்துக்கூட்டி படிக்கிற வயசு பிள்ளைகிட்ட ஒரு நோட்டக் குடுத்து ஒவ்வொரு பேரா எழுதச் சொல்லுங்க, செல்போன் ஞாபகமே வராது. வயலும் வாழையும் போய் பனைமரமா மாறுறத அவங்களே கண்டுபிடிச்சு சொல்லுவாங்க. திருச்செந்தூர்ல கடல் பக்கத்துலயே நாழிக்கிணறு இருக்கு, மொதல்ல கடல் தண்ணிய நாக்குல தொட்டு வைக்கச் சொல்லிட்டு அப்புறம் நாழிக்கிணத்து தண்ணிய குடுங்க, இங்க மட்டும் எப்படி உப்பு இல்லன்னு ஊர் திரும்புற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வைகாசி விசாகத்த ஒட்டி மட்டும் சின்னப் பிள்ளைகளோட போகாதீங்க, கூட்டத்துல கைய விட்டா தேடணும்.

கொஞ்சம் வளந்த பிள்ளைன்னா அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூர் காட்டலாம். தோண்டின குழிக்கு மேலயே கண்ணாடி போட்டு, அதுல நின்னு கீழ இருக்குற முதுமக்கள் தாழிய, அதாவது அந்தக் காலத்துல எறந்தவங்கள வச்சுப் பொதச்ச பெரிய பானைய, பாக்குற மாதிரி 2023ல தொறந்தாங்க. பானைக்குள்ள ஆளையா வச்சாங்கன்னு கேள்வி வரும், தயாரா போங்க. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு போறதுன்னா குளத்துல தண்ணி கெடக்கான்னு மொதல்ல அந்தப் பக்கத்து ஆளுகிட்ட விசாரிச்சிக்கிடுங்க, தண்ணி வத்திருச்சுன்னா பறவையும் இருக்காது.

இப்ப மத்தியானம். பெரிய பாடு இதுதான். சாப்பிட்டு தூங்குன்னா எந்தப் பிள்ளை தூங்குது? ஆச்சிகிட்ட புளியங்கொட்டை கேளுங்க, ஒரு டப்பா நெறைய வச்சிருப்பாங்க. தரைல குமிச்சு வச்சு வாயால ஒரு ஊது ஊதணும், தனியா செதறினத பக்கத்துல இருக்குறது ஆடாம எடுக்கணும், ஆடிட்டா அடுத்த ஆளு. மூணு வயசும் ஆடலாம், எழுபது வயசும் ஆடலாம், சண்டை மட்டும் உறுதி. பிள்ளை கொட்டைய வாய்ல போடாம மட்டும் ஒருத்தர் பாத்துக்கிடணும்.

நுங்கு வாங்கினா வெட்டி எடுத்து குடுக்கச் சொல்லாதீங்க, மேல மட்டும் சீவச் சொல்லி கட்டை விரலால நோண்டித் திங்க வைங்க, சட்டையக் கழட்டிட்டு. தின்னு முடிச்ச காய் ரெண்ட எடுத்து ஒண்ணரை அடி குச்சியோட ரெண்டு முனையிலயும் சொருகினா சக்கரம் ரெடி, நீளமான கவட்டைக் கம்ப அந்தக் குச்சி நடுவுல குடுத்து தள்ளினா நுங்கு வண்டி. தாத்தாவ செய்யச் சொல்லுங்க, அவருக்கும் பொழுது போகும். பதனீர் காலைலயே பனை ஓலைப் பட்டைல வாங்கிக் குடிச்சிரணும், வெயில் ஏற ஏற புளிச்சிரும், அப்புறம் அது பிள்ளைக்கு குடுக்குற சாமான் இல்ல.

நாலு மணிக்கு மேல வீட்டுல தாங்கலன்னா கொக்கிரகுளத்துல மாவட்ட அறிவியல் மையம் இருக்கு, 1987ல இருந்தே இருக்கு, நாங்கல்லாம் ஸ்கூல்ல டூர் போனது. வெளிய பார்க்ல ஊஞ்சல் மாதிரி ஆடிப் பாக்குற விஞ்ஞான சாமான்லாம் இருக்கு. கம்பியெல்லாம் வெயில்ல சுடும், அதனால அஞ்சு மணிக்கு மேல அந்தப் பக்கம் விடுங்க, அது வரைக்கும் உள்ள சுத்துங்க.

பைல எப்பவும் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு ஈரிழைத் துண்டு, மாத்துத்துணி ரெண்டு செட், ஒரு சொம்பு. அல்வா மட்டும் கெளம்புற அன்னைக்கு சாயங்காலம் வாங்குங்க, நெல்லையப்பர் கோயில் பக்கம் ஒரு பெரியவங்க போய் வரிசைல நின்னா போதும், பிள்ளைகள வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.